லேசருக்கு எந்தப் பொருள் ஆகும்? எது ஆகாது?



நம்ம சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு. கல்லின் குணம் தெரியாதவன் உளி பிடித்து அப்படிச் செதுக்கியிருக்க முடியாது. உளிக்குப் பதில் ஒளி வந்துவிட்ட இந்தக் காலத்திலும் அதே பாடம்தான். மெஷினை ஓட்டப் படிக்குமுன் பொருளைப் படிக்க வேண்டும்.

லேசர் வந்த கதை

முதல் லேசரை 1960-ல் அமெரிக்காவில் மைமன் என்பவர் இயக்கிக் காட்டினார். 1964-ல் கார்பன்-டை-ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டில், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல். இன்று போர்டு எழுதும் கடைகளில் மரமும் அக்ரிலிக்கும் வெட்டுவது பெரும்பாலும் இந்த வகைதான். இதன் அலைநீளம் 10.6 மைக்ரான்.

கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. பொருள் இந்த ஒளியை உறிஞ்சுமா? மரம், காகிதம், அக்ரிலிக், கண்ணாடி, கல் எல்லாம் உறிஞ்சும். செம்பு, அலுமினியம் போன்ற வெறும் உலோகம் ஒளியைத் திருப்பி அடிக்கும். உலோகத்தில் எழுத சுமார் 1.06 மைக்ரான் அலைநீளமுள்ள ஃபைபர் லேசர் வேண்டும்.

2. சூடு பட்டால் என்ன ஆகும்? ஆவியாகுமா, கருகுமா, உருகி வழியுமா, வெடிக்குமா?

3. என்ன புகை வரும்? மூன்றில் முக்கியமான கேள்வி இதுதான்.

நம் ஊர்ப் பொருட்கள்

ரப்பர் தடி: வெளிர் நிறம் என்பதால் கருகிய எழுத்து எடுப்பாகத் தெரியும். தேக்கில் எண்ணெய்ப் பசையும் கருமையும் உண்டு. அதனால் முதலில் ஒரு துண்டில் பார்த்துக்கொள்ளவும்.

சிரட்டை: அழகாகப் பதியும். ஆனால் வளைந்த பரப்பு. குவியப் புள்ளி விலகினால் எழுத்து மங்கிவிடும்.

பிளைவுட்: மரத்தைவிட நடுவிலுள்ள பசைதான் தொல்லை. தண்ணீர் தாங்கும் பசை போட்ட பலகை எளிதில் வெட்டுப்படாது, ஓரம் கரியாகும்.

கருப்பு கிரானைட்: மேல்தோல் நுண்ணியதாக நொறுங்கி வெள்ளையாகும். படம், பெயர் பதிக்கலாம். வெட்டவோ, சிதறாலில் காண்பதுபோல் ஆழமாகப் புடைக்கவோ இச்சிறு மெஷினால் ஆகாது.

அக்ரிலிக்: வார்ப்பு வகையில் எழுத்து பனி படிந்ததுபோல் வெண்மையாக வரும். அழுத்திப் பிதுக்கி எடுத்த வகையில் அவ்வளவு தெளிவு வராது. இதன் ஆவி தீப்பற்றும். மெஷின் ஓடும்போது "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று கிளம்பக் கூடாது.

தொடவே கூடாதது

கடையில் 'மல்டிவுட்' என்று ஒரு வெள்ளைப் பலகை தருவார்கள். பேரில் 'வுட்' இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அது மரமல்ல, பி.வி.சி. நுரைப் பலகை. ஃபிளெக்ஸும் பி.வி.சி.தான். ரெக்ஸினும் பெரும்பாலும் அதே இனம். பி.வி.சி.யில் லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மெஷினுக்குள்ளே லென்ஸையும் தண்டவாளத்தையும் அரிக்கும். உள்ளே மூச்சு இழுத்தால் நம்ம நுரையீரலையும் அரிக்கும். லென்ஸை வாங்கி மாட்டலாம், நுரையீரலை என்ன செய்வது?

கண்டுபிடிப்பது எப்படி?

கெமிஸ்ட்ரி லேபில் ஆசிரியர் முன்னிலையில், புகை இழுக்கும் அறையில் செய்யுங்கள். செம்புக் கம்பியைச் சுடரில் நிறம் வராத வரை சிவக்கக் காய்ச்சவும். சூடான கம்பியால் பொருளை லேசாகத் தொட்டு, மறுபடி சுடரில் காட்டவும். பச்சைச் சுடர் எழுந்தால் குளோரின் இருக்கலாம், அந்தப் பலகை மெஷின் பக்கமே வரக் கூடாது. பச்சை வராவிட்டால் உடனே நல்ல பொருள் என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் குளோரின் கிடையாது. ஆனாலும் அது உருகி வழியும், அதன் புகையில் ஹைட்ரஜன் சயனைடு வரலாம்.

முடிவாக

நாளை நம்மில் பலர் சொந்தமாகக் கடை வைப்போம், அல்லது ஒரு கடையில் வேலைக்குச் சேருவோம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பலகையின் பெயர் தெரியவில்லையென்றால், "அண்ணாச்சி, இது என்ன பொருள்னு கேட்டுட்டு வாங்க, அப்புறம் வெட்டித் தாறேன்" என்று சொல்லும் துணிவு வேண்டும். ஒரு ஆர்டர் போனால் இன்னொன்று வரும். பொருள் தெரியாமல் பட்டனை அமுக்காதீர்கள்!