வீட்டு லேத்துக்கு எந்த சக்?

கூலிம் ஹைடெக் பார்க் 1996இல் திறந்தபின் கெடா தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சிஎன்சி பழகினார்கள். ஃபேக்டரி மெஷினில் ஹைட்ராலிக் சக் வேலைத்துண்டைத் தானே பிடித்துக்கொள்ளும். வீட்டு கார் போர்ச்சில் வைக்கும் சின்ன லேத்தில் பிடிமானம் முழுக்க உங்கள் கையில்தான்.

பெரும்பாலும் மெஷினோடு வருவது 80 மிமீ மூன்று ஜா சக். மூன்று ஜாவும் சேர்ந்தே நகரும். உருண்டைக் கம்பியும் அறுகோணக் கம்பியும் சட்டென்று பிடிபடும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 0.05 முதல் 0.1 மிமீ வரை ஆடுவது சாதாரணம். புதுக் கம்பியை ஒரே பிடியில் கடைந்து வெட்டி எடுத்தால் அந்த ஆட்டத்தால் கெடுதல் இல்லை. கழற்றித் திரும்பப் பிடித்தால்தான் தொல்லை.

நம் பக்கத்து வேலையோ பெரும்பாலும் ரிப்பேர். கப்சாய் மோட்டாரின் தேய்ந்த புஷ், பாலிங்கிலோ சிக்கிலோ ரப்பர் ஷீட் அடிக்கும் உருளையின் ஷாஃப்ட்: எல்லாம் ஏற்கெனவே கடைந்தவை, பழைய மையத்துக்கே சேர வேண்டியவை. அதனால் இரண்டாவதாக வாங்க வேண்டியது தனித்தனியாக நகரும் நான்கு ஜா சக்தான் என்பது என் உறுதியான எண்ணம். டயலைப் பார்த்து எதிரெதிர் ஜாக்களை ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி வந்தால் ஆட்டம் 0.01 மிமீக்குள் அடங்கும். சதுரத் துண்டையும் பிடிக்கலாம். பொறுமை வேண்டும், பழகினால் சில நிமிட வேலை.

ஈஆர்32 காலெட் அழகானது, மேற்பரப்பில் தழும்பு விழாது. ஆனால் ஒவ்வொரு காலெட்டும் ஏறக்குறைய 1 மிமீ வித்தியாசத்துக்குத்தான் பொருந்தும். 20 மிமீயோடு எல்லை. ஒரே மாதிரிப் பின்கள் நிறைய கடைபவருக்கு அது போதும்.

எதை மாட்டினாலும் முதலில் பெட் மீது பலகை வையுங்கள். சக் நழுவினால் பெட்டும் விரலும் தப்பும். ஸ்பிண்டில் முகம், சக் முகம் இரண்டையும் துடையுங்கள். இந்த ஈரக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும், மெல்லிய எண்ணெய் தடவுங்கள். நடுவில் ஒரு சீவல் சிக்கினாலும் நல்ல சக்கே ஆடும். நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். 100 மிமீ சக்குக்கு இடையில் அடாப்டர் தட்டு தேவைப்படும். அதை உங்கள் லேத்திலேயே மாட்டி முகம் சீவிய பிறகே சக்கை ஏற்றுங்கள். பழைய மைஃபோர்ட் எம்எல்7 போல மரை முடுக்கும் ஸ்பிண்டில் என்றால் ரிவர்ஸில் வெட்ட வேண்டாம், சக் கழன்று வரும்.

சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்சைத் தொடாதீர்கள். சாவி பெட்டிக்குத் திரும்பிய பிறகே சுவிட்ச்.