பாலை பல, எண்ணெய்க்கு வெட்பாலை

பழவேற்காடு ஏரிக்கு அருகில் உள்ள திருப்பாலைவனத்துக்குப் பாலை மரத்தால்தான் அந்தப் பேர். அங்குள்ள திருப்பாலீஸ்வரர் கோயிலின் தலமரமும் பாலைதான். அதனால் தோலுக்குப் பூசும் 'பாலை எண்ணெய்' எந்தப் பாலையில் செய்வது என்ற குழப்பம் வரும். பேரை மட்டும் நம்பி இலை பறித்தால் எண்ணெய் வீண்.

கரையோரக் காடுகளில் பாலை என்றால் பெரும்பாலும் உலக்கைப் பாலை. மஞ்சள் பழம் தரும்; இலைகள் கிளை நுனியில் கொத்தாக இருக்கும். எண்ணெய்க்கு வேண்டியது வெட்பாலை.

அடையாளம்

இலைகள் எதிரெதிராக இருக்கும். கிள்ளினால் பால் வரும். வெள்ளைப் பூ. நீளமான காய்கள் ஜோடியாகத் தொங்கும். இரண்டும் நுனியில் ஒட்டியிருக்கும். குடசப்பாலைக் காயும் ஜோடிதான், ஆனா நுனி ஒட்டாது.

செய்முறை

1. கால் கிலோ இலையைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்துங்க. ஈரம் இருந்தா எண்ணெய் கெட்டுப்போகும்.
2. கையாலேயே கிள்ளி, கண்ணாடிப் பாத்திரத்தில் போடுங்க.
3. இலை முழுக மரச்செக்குத் தேங்காய் எண்ணெய், கால் கிலோ ஊத்துங்க.
4. வாயில் துணி கட்டி, ஏழு நாள் வெயிலில் வையுங்க. பிறகு வடிகட்டுங்க.

எண்ணெய் கருஞ்சிவப்பு கலந்த ஊதா நிறத்துக்கு வரணும். வரலைன்னா இலை தப்பு, அல்லது வெயில் போதலை. இந்த நிறத்துக்குக் காரணம், அவுரியில் இருப்பது போன்ற சாயப்பொருள் இந்த இலையிலும் இருப்பதுதான். அந்தக் காலத்தில் இதிலிருந்து நீலச் சாயமே எடுத்திருக்காங்க.

பயன்

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப் படை என்னும் சோரியாசிஸுக்கு இதைப் பூசுவார்கள். '777 எண்ணெய்' என்ற பேரில் ஆய்வும் நடந்தது. உப்புக்காத்தில் வறண்ட தோலுக்கும், பொடுகுக்கும் பூசலாம்.

கவனம்

முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு நாள் பாருங்க. அரிப்பு வந்தா விட்டுடுங்க. புண்ணில் பூச வேண்டாம். துணியில் கறை பிடிக்கும். படை இருக்கிறவங்க, எடுக்கிற மருந்தைத் தானாக நிறுத்தாம சித்த மருத்துவரைப் பாருங்க. நோய் தீரும்னு சொல்லி விற்க மருந்து உரிமம் வேணும். வீட்டுத் தேவைக்குச் செய்யத் தடையில்லை.

கோடைக்கு முன் இலை உதிர்க்கும் மரம் இது. துளிர்த்து இலை முற்றியதும் பறிக்கலாம். காய் வெடிக்கும் முன் பறித்தால் விதை பஞ்சோடு பறக்காது. வேலியில் இரண்டு கன்று வையுங்க. வீட்டுத் தேவைக்கு இலை தேடி அலைய வேண்டாம்.