தராசைச் சோதிக்கும் படிக்கல்

நெல்லை விற்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மூட்டையை ஏற்றுமுன் தராசில் ஒரு படிக்கல்லை வைத்துப் பார்க்கிறோம். ஐந்து கிலோக் கல்லுக்குத் தராசு ஐந்தைக் காட்டினால்தான் மூட்டையை ஏற்ற மனம் வருகிறது. காணியை விட்டு இடம்பெயர்ந்தாலும் இந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போவதில்லை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலும் இதே வேலை நடக்கிறது.

ஏன் சோதிக்க வேண்டும்?

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியதை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு நாடெங்கும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். டெங்குக் காய்ச்சலில் இரத்தம் தடிப்படைகிறதா, குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றனவா என்று திரும்பத் திரும்பப் பார்த்தே வைத்தியர் சேலைன் அளவைத் தீர்மானிக்கிறார். சேலைன் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஆகவே இயந்திரம் பிழையான எண்ணைக் காட்டினால் உயிருக்கே கேடு வரலாம்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

அளவு முன்பே தெரிந்த ஒரு மாதிரி இரத்தம் உண்டு. அதுதான் ஆய்வுகூடத்தின் படிக்கல். நோயாளரின் இரத்தத்தைப் பார்க்குமுன் இதை இயந்திரத்தில் இட்டு, வரும் எண்ணை ஒரு வரைபடத்தில் புள்ளியாகக் குறிப்பார்கள். லீவி, ஜெனிங்ஸ் என்ற இருவர் 1950இல் காட்டிய வழி இது.

ஒரு மாதிரியின் ஹீமோகுளோபின் 12 என்றும், 11.6 முதல் 12.4 வரை ஏற்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். புள்ளி இந்தக் கோடுகளைத் தாண்டினால் வேலையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். மருந்து பழுதாகியிருக்கலாம், குளிர்சாதனப் பெட்டி நின்றிருக்கலாம். கோட்டுக்குள் இருந்தாலும் புள்ளிகள் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால் அதுவும் எச்சரிக்கைதான். புள்ளி வெளியே போவது வெட்கமல்ல. அதை மறைப்பதே குற்றம்.

மலேரியா தரும் பாடம்

1963இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா காணப்பட்டது. கவனம் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் அது இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. பின்னர் விடாமுயற்சி தொடர்ந்தது. ஒருவர் பார்த்த இரத்தப் பூச்சுக் கண்ணாடிகளில் ஒரு பகுதியை அனுபவமுள்ள இன்னொருவர் மறுபடி பார்ப்பதும் அம்முயற்சியில் ஒன்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. வெளிநாடு சென்று வருவோரிடம் அந்நோய் இன்றும் காணப்படுவதால் சோதனை நிற்கவில்லை.

நமது பங்கு

பிழைகளில் பெரும்பகுதி இரத்தம் இயந்திரத்தை அடையுமுன்பே நேர்கிறது. ஒரே வார்டில் இரண்டு கணபதிப்பிள்ளைகள் இருக்கலாம். ஆகவே:

1. குழாயில் எழுதப்படும் பெயரையும் கிளினிக் இலக்கத்தையும் கேட்டுச் சரிபார்ப்போம்.

2. வெறும் வயிற்றில் சீனி பார்க்கச் சொன்னால், குறைந்தது எட்டு மணிநேரம் தண்ணீர் தவிர வேறொன்றும் உட்கொள்ளாமல் செல்வோம். தேநீர் குடித்திருந்தால் மறைக்காமல் சொல்வோம்.

3. பழைய துண்டுகளையும் கிளினிக் கொப்பியையும் பொலித்தீன் பையில் பத்திரப்படுத்துவோம். இடம் மாறும்போது காணி உறுதியோடு அதையும் எடுத்துச் செல்வோம். புதிய வைத்தியருக்கு அதுவே நம் வரலாறு.

4. முடிவு உடல்நிலையோடு பொருந்தாவிட்டால், மறுபடி பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்போம். நல்ல ஆய்வுகூடம் அக்கேள்வியை வரவேற்கும்.

கலந்துரையாட

நமது சங்கத்தின் கணக்கை, தராசை, விதைநெல்லைச் சோதிக்கும் ‘படிக்கல்’ எது? கடைசியாக அதை எப்போது வைத்துப் பார்த்தோம்?