வீசிங் ஒன்றுதான், காரணம் வேறு வேறு



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு உடம்பைப் பற்றிய பேச்சு வரும். பிள்ளையார்பாளையம் பக்கம் நாங்கள் போகும்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "மேடம், எனக்கும் வீசிங், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் வீசிங். அவங்களுக்கு இன்ஹேலர் நல்லா கேட்டுச்சு. எனக்கு ஏன் கேட்கலை?" பதில் நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களிடம் இருக்கிறது.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்பக்கம் வீங்கி, சளி கட்டி, சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது. இந்த வீக்கத்தை உண்டாக்குவது, நம்மைக் காப்பாற்றுவதற்காக உடம்பு வைத்திருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களேதான். எந்த அணு முன்னால் நிற்கிறதோ, அதைப் பொறுத்து ஆஸ்துமாவின் வகை மாறுகிறது.

நிறையப் பேருக்கு இருப்பது ஒவ்வாமை ஆஸ்துமா. இது பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும். வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகள் உண்டு. அதன் கழிவு, கரப்பான் பூச்சியின் கழிவு, பூஞ்சை இவையெல்லாம் பொதுவாக யாரையும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் சிலருக்கு டி செல் என்ற அணு இதை எதிரி என்று முடிவு கட்டிவிடுகிறது. டி செல்லை மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி சொன்னதும் 'ஐ.ஜி.ஈ.' என்ற பொருள் உற்பத்தியாகி, மாஸ்ட் செல் என்ற அணுவின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். (1966-ல் இதைக் கண்டுபிடித்தவர்கள் இஷிசாகா என்ற ஜப்பானியக் கணவன் மனைவி. இருவருமே விஞ்ஞானிகள்.) அடுத்த தடவை அதே தூசி உள்ளே போனால் மாஸ்ட் செல் சில நிமிஷத்தில் வெடித்து, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். அதோடு முடிவதில்லை. சில மணி நேரம் கழித்து இன்னொரு கூட்டம் வந்து சேரும். சாயந்திரம் பரணைத் தட்டி ஒழித்தவர்களுக்கு நள்ளிரவில் இழுக்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னால் வரும் அந்தக் கூட்டம்தான் இயோசினோபில். நாம் வழக்கமாக 'ஈஸ்னோபீலியா' என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் இதிலிருந்து வந்ததுதான். இயோசின் என்பது ஒரு சிவப்புச் சாயம். 1879-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். சில அணுக்கள் மட்டும் இந்தச் சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டு பளிச்சென்று தெரிந்தன. நம் ஊர்ச் சாயப்பட்டறையில் பட்டுக்குப் போடும் அமிலச் சாயம் இருக்கிறதே, இயோசினும் அந்த இனம்தான். பட்டும் புரதம், அந்த அணுவின் உள்ளே இருக்கும் மணிகளும் புரதம், அதனால் இரண்டிலும் சாயம் ஏறுகிறது.

குடல் புழு போன்றவற்றை எதிர்ப்பது இயோசினோபிலின் வேலை. புழு இல்லாத இடத்தில் அது தன் சரக்கைக் கொட்டினால் மூச்சுக்குழாயின் உள்தோல் புண்ணாகிறது. பெரியவர்களான பிறகு, ஒவ்வாமையே இல்லாமல் இந்த அணு மிகுந்து வரும் ஆஸ்துமாவும் உண்டு. ஸ்டீராய்டு இன்ஹேலர் இந்த அணுவை நன்றாக அடக்கும். அக்காவுக்குக் கேட்டது அதனால் இருக்கலாம்.

இன்னொரு வகையில் நியூட்ரோபில் என்ற வேறு வெள்ளை அணு முன்னால் நிற்கிறது. விறகு அடுப்புப் புகை, பீடி சிகரெட் புகை, அடிக்கடி வரும் நெஞ்சுச் சளி, உடல் பருமன் இவற்றோடு இது சேர்ந்து வருவது அதிகம். இதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் அவ்வளவாகக் கேட்பதில்லை. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. மருந்தோடு புகையையும் குறைத்தால்தான் பலன். கொசுவத்திச் சுருளும், மூடிய அறையில் போடும் சாம்பிராணியும் புகைதான். சாமிக்குப் போடுவது என்பதற்காக நுரையீரல் விட்டுவிடாது.

ஆஸ்துமா மாதிரியே இருந்து ஏமாற்றும் ஒன்றையும் சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் வெகுகாலம் யானைக்கால் நோய் இருந்த ஊர். அந்தப் புழுவின் குஞ்சுகளை நுரையீரலில் வைத்து இயோசினோபில்கள் தாக்கும்போது, ராத்திரி இருமலும் வீசிங்கும் வரும். மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனை மருத்துவர்கள் 1940-லேயே இந்த நோயைப் பற்றி எழுதினார்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குள் இருக்க வேண்டிய இயோசினோபில் இதில் 3000-ஐத் தாண்டும். இதற்கு மருந்தே வேறு, புழு மருந்து. ஆகவே மெடிக்கலில் "ஈஸ்னோபீலியா மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது இயோசினோபில் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும்.

நம் தொழிலையும் கவனிக்க வேண்டும். கச்சாப் பட்டு இழையின் மேல் செரிசின் என்ற பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து எடுப்பது அதைத்தான். அதுவும் ஒரு புரதம், சிலருக்கு ஒவ்வாது. எல்லோருக்கும் வராது, பயப்பட வேண்டாம். லீவு நாளில் மூச்சு இலேசாகி, வேலைக்குப் போன அன்று மறுபடி இழுத்தால் அந்தச் சந்தேகம் வரவேண்டும். எந்த வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணத்துக்குப் பார்க்கும் பெண்ணிடம் இன்ஹேலரை ஒளித்து வைக்கச் சொல்லும் வீடுகளை நாங்கள் பார்க்கிறோம். "பழகிடும், விட முடியாது" என்ற பயம் வேறு. இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. ஒரு தடவை இழுக்கும் ஸ்டீராய்டு பெரும்பாலும் 100, 200 மைக்ரோகிராம்தான், அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. 5 மில்லிகிராம் மாத்திரை என்றால் 5000 மைக்ரோகிராம், உடம்பு முழுக்கப் பரவும். இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். கர்ப்பமாக இருக்கும்போதும் நிறுத்தக் கூடாது.

உடனே மூச்சை விரிக்கும் நீல இன்ஹேலர் தசையை மட்டும் தளர்த்தும், அணுக்களின் வேலையை நிறுத்தாது. அதை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டியே சொல்கிறது.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, இன்ஹேலர் இழுத்தும் அடங்கவில்லை என்றால், கைவசம் பணம் இருக்கிறதா, குழுவில் கடன் கேட்கலாமா என்று யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்சுக்குக் காசு கிடையாது.