உங்கள் பிள்ளையின் நிறை வயதுக்கு ஏற்றதா?



கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தாலும் கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிடுகிறோம். பிள்ளையின் நிறையை எத்தனை பேர் கேட்கிறோம்?

பாடசாலை வைத்திய பரிசோதனையில் நிறையும் உயரமும் பார்த்து ஒரு எண் எழுதுவார்கள். அதுதான் உடற்திணிவுச் சுட்டி. கணக்கு கஷ்டமில்லை. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். வந்த தொகையால் கிலோ நிறையைப் பிரியுங்கள்.

ஒரு வீட்டில் ஆறு வயது மகள். உயரம் 110 சென்டிமீட்டர், நிறை 18 கிலோ. 1.10 தர 1.10 என்றால் 1.21. அதால் 18ஐப் பிரித்தால் ஏறக்குறைய 15. அவளுடைய அக்காவுக்கு வயது பதினைந்து. உயரம் 150, நிறை 34 கிலோ. அவளுக்கும் 15 தான் வருகிறது. "ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குத்தானே, பயமில்ல" என்று இருந்துவிடாதீர்கள். தங்கைக்கு அது நல்ல அளவு. அக்காவோ மெலிவு, அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு 16க்குக் கீழே போகக் கூடாது. பெரியவர்களுக்குச் சொல்லும் 18.5 என்ற அளவு பிள்ளைகளுக்குச் சரிவராது. ஐந்து முதல் பத்தொன்பது வயது வரை, வயதுக்கும் ஆண் பெண்ணுக்கும் தனித்தனி அளவு உண்டு. கூடினாலும் கவனிக்க வேண்டும்: ஆறு வயதில் 17க்கு மேல் என்றால் நிறை அதிகம்.

இன்னொரு விஷயம், நம் தோட்டங்களுக்கு இதுதான் முக்கியம். பத்து வயதுப் பையன், 122 சென்டிமீட்டர், 25 கிலோ. சுட்டி 17 கிட்ட வரும். குறை இல்லாதது போலத் தெரியும். ஆனால் அந்த வயதில் சராசரி உயரம் 138. பையன் ரொம்பக் குட்டை. சுட்டி அதைக் காட்டாது. "எங்க பரம்பரையே குட்டைதான்" என்பார்கள். பல வீடுகளில் அது பரம்பரை அல்ல, சின்ன வயதிலிருந்து போசாக்கு போதாமைதான். 2016ம் ஆண்டு கணக்கெடுப்பில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.

ஆகவே சுட்டியை மட்டும் கேட்காமல், "வயசுக்கு உயரம் சரியா?" என்றும் கேளுங்கள். காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் கொடுக்காமல், முடிந்த நாளில் ஒரு முட்டையோ, பருப்போ, கொஞ்சம் நெத்தலியோ சேருங்கள்.

வீட்டுச் சுவரிலேயே உயரம் பார்க்கலாம். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி, கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆறு மாதமாகியும் கோடு நகரவில்லை என்றால், அடுத்த கிளினிக் வரை பார்த்திருக்காமல் மருத்துவமாதுவிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.