எரிபொருளுள் ஒரு துளி நீர்

ஆகாயவிமானத்துக்குப் பகையாவன புயலும் மின்னலுமே எனப் பலர் எண்ணுவர். அதன் எரிபொருட்டாங்கியின் அடியிலே தங்கும் சிறிதளவு நீரும் கொடும்பகையே என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஜெற் விமானங்களின் எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தது. நீரும் எண்ணெயும் கலவா என்பர். எனினும் மிகச் சிறிதளவு நீர் எண்ணெயிற் கரைந்தே நிற்கும். விமானம் உயர எழுந்து எண்ணெய் குளிருந்தோறும் அந்நீர் பிரிந்து அடியிற் படிகின்றது. தாங்கியுட் புகும் காற்றின் ஈரமும் அதனோடு சேரும். ஜெற் ஏ-1 என்னும் எண்ணெயின் உறைநிலை சதமஅளவையில் -47 பாகைக்கு மேற்படலாகாது என்பது விதி. நீரோ 0 பாகையிலேயே உறையவல்லது.

இந்நீரால் விளையுங் கேடுகள் இரண்டு. முதலாவது, பனிக்கட்டி வடிகளை அடைத்து இயந்திரத்தைப் பட்டினி போடுதல். 1958இல் அமெரிக்க வான்படையின் பி-52 விமானமொன்று வீழ்ந்தமைக்கு இதுவே காரணமெனக் கொள்ளப்பட்டது. இரண்டாவது, நுண்ணங்கிகளின் பெருக்கம். மண்ணெண்ணெய்ப் பங்கசு எனப்படும் ஹோர்மோகொனிஸ் ரெசினே நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் வாழ்கின்றது. நீர் அதற்கு உறைவிடம், எண்ணெய் உணவு. அது படரும் வழுவழுப்பான படலம் வடிகளை அடைக்கும். எரிபொருள் அளவுகாட்டியைப் பிழைபடுத்தும். அதனின்றுண்டாகும் அமிலங்கள் அலுமினியத்தை அரிக்கும்.

1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், எதிலீன் கிளைக்கோல் மொனோமெதைல் ஈதர் என்னும் சேர்பொருளை அமெரிக்க வான்படை வழக்கிற் கொண்டது. 1,000 லீற்றர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 1 லீற்றரே போதும். அது எண்ணெயை விடுத்து நீரையே பெரிதும் நாடிச் சென்று, அதன் உறைநிலையைத் தாழ்த்துகின்றது. அடிநீரில் அது செறிந்தமையாற் பங்கசின் பெருக்கமுங் குறைந்தது. பின்னர், நச்சுத்தன்மை குறைந்த டையெதிலீன் கிளைக்கோல் மொனோமெதைல் ஈதர் அதனிடத்தைப் பெற்றது.

பெரும் பயணிகள் விமானங்களிலோ இச்சேர்பொருள் பொதுவாக இடப்படுவதில்லை. இயந்திர எண்ணெயின் வெப்பத்தால் எரிபொருள் சூடேற்றப்படுகின்றது. இவ்வேற்பாடும் ஒருகாற் பிழைத்தது. 2008ஆம் ஆண்டு தை மாதம் 17ஆந் திகதி, பீஜிங்கிலிருந்து வந்த போயிங் 777 விமானமொன்று ஹீத்ரோ ஓடுபாதையை எட்டுமுன்னரே தரையில் மோதியது. குழாய்களிற் படிந்த பனி பெயர்ந்து, சூடேற்றுங் கருவியின் முகத்தையே அடைத்திருந்தது! எரிபொருளிலிருந்த நீரோ விதித்த அளவினுள்ளேயே இருந்தது. விமானத்திலிருந்த 152 பேரும் உயிர்தப்பினர். அக்கருவியின் அமைப்பு பின்னர் மாற்றப்பட்டது.

சேர்பொருள் நீரின் கேட்டைத் தணிக்குமேயன்றி நீரை அகற்றாது. தாங்கியின் அடிநீரைத் தவறாது வடித்து, மாதிரியைக் கண்ணாற் பார்த்தறியும் தொழிலாளியின் பணி எளியதாகத் தோன்றும். நூற்றுக்கணக்கானோர் உயிர் அப்பணியிலே தங்கியுள்ளது என்பதை நம் மாணவர் மனங்கொள்வாராக.