ஜப்பான் வாட்ச் வரவழைக்கும் முன்

கிராண்ட் சீக்கோ, தி சிட்டிசன் போன்ற உயர்ரக வாட்சுகளில் பல மாடல்கள் ஜப்பானுக்குள் மட்டுமே விற்பனைக்கு வருகின்றன. ஆசைப்பட்டவர்கள் அங்குள்ள கடைக்காரர்களிடமும் பழைய வாட்ச் வியாபாரிகளிடமும் நேரடியாக வரவழைக்கிறார்கள். லட்சக்கணக்கில் போகும் பணம். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தபின் அனுப்புங்கள்.

1. விற்பவர் சொல்லும் விலையோடு கணக்கு முடியாது. வாட்சின் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டித்தான் நம் ஊர்ச் சுங்கவரி போடுவார்கள். அதன்மேல் ஜிஎஸ்டி, கூரியர் கட்டணம், கார்டுக்கு வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் எல்லாம் உண்டு. வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் வாங்கும் வாரத்தில் விசாரியுங்கள். ஜப்பானின் 10 சதவீத நுகர்வு வரி ஏற்றுமதிக்குக் கிடையாது. சொன்ன விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டால் சிலர் குறைப்பார்கள்.

2. "பரிசு என்று எழுதி அனுப்பட்டுமா, விலையைக் குறைத்துக் காட்டட்டுமா?" என்று விற்பவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சுங்கத்தில் பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டியவர் நீங்கள். பார்சல் தொலைந்தாலும் எழுதிய தொகைக்குத்தான் இழப்பீடு.

3. பின்மூடியில் உள்ள வரிசை எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சீக்கோ தயாரிப்புகளில் பெரும்பாலும் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது, மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. 85 என்று தொடங்கினால் மே மாதத் தயாரிப்பு. ஆனால் 2008-ஆ, 2018-ஆ? டயலைப் பாருங்கள். 2017-இல்தான் கிராண்ட் சீக்கோ தனி பிராண்டாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய டயல்களில் 12 மணிக்குக் கீழே 'சீக்கோ' என்றிருக்கும். பிறகு வந்தவற்றில் அந்த இடத்தில் கிராண்ட் சீக்கோவின் பெயர். பழைய டயலைக் காட்டி "2018 மாடல்" என்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

4. ஸ்பிரிங் டிரைவ் வாட்ச் என்றால் வீடியோ கேளுங்கள். சுருள்வில்லின் விசையில் ஓடி, குவார்ட்ஸால் கட்டுப்படுத்தப்படும் இந்த இயந்திரத்தில் வினாடி முள் துளியும் துடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். போலிகளில் சாதாரண ஆட்டோமேட்டிக் இயந்திரத்தை வைத்திருப்பார்கள். முள் நுணுக்கமாகத் தத்தித் தத்திப் போவது தெரிந்துவிடும். வாட்சின் பக்கத்தில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாள் இருக்கட்டும். பொருள் அவர் கையில்தான் இருக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

5. பழைய வாட்ச் புதுசு போல மினுமினுத்தால் சந்தோஷப்படாதீர்கள். கிராண்ட் சீக்கோவின் அழகே 'ஸராட்ஸு' முறையில் தீட்டிய, கத்தி முனை போன்ற விளிம்புகள்தான். யாரோ பாலிஷ் போட்டிருந்தால் அவை மழுங்கியிருக்கும். ஓரங்களை நெருங்கி எடுத்த படம் வேண்டும். ஜப்பானிய விற்பனையில் 'ஜங்க்' என்று போட்டிருந்தால் ஓடுவதற்கே உத்தரவாதமில்லை என்று அர்த்தம்.

6. பழைய வாட்சுகளில் செயின் கண்ணிகள் சில காணாமல் போயிருக்கும். உங்கள் மணிக்கட்டை நூலால் அளந்து, செயினின் உள்சுற்றளவைக் கேட்டுச் சரிபாருங்கள்.

7. முதலைத்தோல் வார் உள்ளதைத் தவிருங்கள். வன உயிரின வர்த்தகச் சட்டப்படி அனுமதி ஆவணம் இல்லாவிட்டால் சுங்கத்தில் நின்றுவிடும். வாரைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லலாம்.

8. ரேடியோ அலையில் தானே நேரம் சரிசெய்யும் வாட்ச் நமக்கு ஒத்துவராது. ஃபுகுஷிமாவிலும் கியூஷுவிலும் உள்ள கோபுரங்களின் அலை இந்தியாவை எட்டாது. போதாக்குறைக்கு, நேரத்தை ஒவ்வொரு மணியாக மட்டுமே நகர்த்தவிடும் மாடல்களும் உண்டு. நமக்கும் ஜப்பானுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம்! ஜிபிஎஸ் மாடல் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

9. பார்சலைப் பிரிப்பதை முத்திரை உடைக்கும் முன்பிருந்தே வீடியோ எடுங்கள்.

10. பழுதுபார்ப்பை யோசித்துவிட்டு மாடலைத் தேர்ந்தெடுங்கள். மெக்கானிக்கல், ஸ்பிரிங் டிரைவ் இரண்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்பிரிங் டிரைவைத் தெருமுனைக் கடையில் கொடுக்கவே கூடாது. நிறுவனத்தின் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். குவார்ட்ஸ் என்றால் மட்டமென்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கிராண்ட் சீக்கோவின் 9எஃப் குவார்ட்ஸ் ஆண்டுக்கு 10 வினாடிக்கு மேல் பிசகாது. ஒளியில் ஓடும் தி சிட்டிசன் மாடல்கள் ஆண்டுக்கு 5 வினாடிக்குள் நிற்கும். பேட்டரி மாற்றும் வேலையும் இல்லை. கடல் கடந்து வாங்குபவருக்கு என் சிபாரிசு இவைதான்.